இசைக்கல்வியும் வணிகக்கல்வியும்

மன்னார்த் தீவுக்கு எதிரே, ஈழத்தின் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழும் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் நானாட்டான். வடக்கே மாந்தையும் திருக்கேதீச்சரமும், மேற்கே வங்காலைக் கடற்கரையும், தெற்கே அருவியாறு கடலோடு கலக்கும் அரிப்புத் துறையும் அதன் அயலிடங்கள். இப்பகுதி முழுவதையும் மாதோட்டம் என்று வழங்குவது பழைய மரபு. உழவும் மீன்பிடியும் மக்களின் தொழில்கள். அறுவடை முடிந்தபின் மத்தள ஒலியோடு விடியுமளவும் நடக்கும் நாட்டுக்கூத்து அவர்களின் கலை.

இவ்வூர்ப் பாடசாலையிற் பயிலும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். இலங்கையில் இந்நூற்றாண்டில் நடைமுறைக்கு வந்த பாடத்தொகுதி முறைப்படி, கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தர வகுப்பில் அவள் கர்நாடக சங்கீதத்தையும், வணிகக் கல்வியும் கணக்கீடும் என்ற பாடத்தையும் ஒருசேரக் கற்கலாம். காலையிற் பேரேட்டின் பற்றும் வரவும். மாலையில் மாயாமாளவகௌளையில் வரிசைகள். இரண்டும் ஒரே புத்தகப் பையில் இருக்கும். பதினாறு வயது நிறைந்து உயர்தர வகுப்புக்குச் செல்லும்போது அவள் எதிரே இரண்டு வாயில்கள் நிற்கின்றன. ஒன்று வர்த்தகப் பிரிவு. அது முகாமைத்துவப் பீடத்துக்கும், பின்னர் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் வழி. மற்றொன்று கலைப் பிரிவு. இசைக்குச் செல்லும் வழி அதனுள்ளே இருக்கிறது. பெற்றோர் முன்னதைக் காட்டுவர். ஆசையோ பின்னதை நாடும். ஒன்றை எடுத்தால் மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்பதே பொதுவான எண்ணம்.

இந்த எண்ணம் எவ்வளவு பழமையானது? தமிழர் வரலாற்றை நோக்கின், இசையையும் வணிகத்தையும் பிரித்து நிறுத்தும் சுவர் மிக அண்மையில் எழுந்தது என்பது புலனாகும்.

முதலில் மாதோட்டத்தையே நோக்குவோம். மாந்தைத் துறை பண்டைக்காலத்தில் இந்துமாக்கடல் வணிகத்தின் பெருஞ்சந்திகளுள் ஒன்று. 1980களின் தொடக்கத்தில் அங்கு நிகழ்ந்த அகழ்வாய்வு சீனத்து மட்கலங்களையும் பாரசீக வளைகுடாப் பகுதியின் மட்கலங்களையும் ஒரே மண்ணிலிருந்து வெளிக்கொணர்ந்தது. அத்துறையின் அருகிலுள்ள திருக்கேதீச்சரத்தை ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தரும் எட்டாம் நூற்றாண்டிற் சுந்தரரும் பாடினர். சுந்தரர் பாடலில் இறைவனோடு மரக்கலம் நிறைந்த கடலும் இடம்பெறுகிறது. பண்ணமைந்த பாட்டும் பண்டமேற்றிய கப்பலும் ஒரே துறையில், ஒரே மக்களின் வாழ்வில் அடங்கியிருந்தன. இறக்குமதிக் கணக்கு எழுதியவன் செவியிலும் திருப்பதிகத்தின் பண் விழுந்திருக்கும் அன்றோ?

தமிழ்க் காப்பியத்தின் முதல் தலைவனும் ஒரு வணிகன், யாழ் வல்லவன். புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவானின் மகன் கோவலன், கடற்கரையில் மாதவியோடு அமர்ந்து யாழ் மீட்டிப் பாடுவதைச் சிலப்பதிகாரத்துக் கானல்வரி விரிவாகக் காட்டுகிறது. வணிகர் குலத்து இளைஞனுக்கு இசைப்பயிற்சி இழுக்காகாது என்பது அக்காலத்து வழக்கு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. எனினும் அக்கதையின் மறுபக்கமும் உண்டு. கலையின்பத்தில் மூழ்கிய கோவலன் முன்னோர் தேடிய பொருளை இழந்தான்; மீண்டும் முதல் தேடுவதற்காக மனைவியின் சிலம்போடு மதுரைக்குச் சென்றான். மகன் அல்லது மகள் இசை கற்கப் போகிறேன் என்று சொல்லும்போது தமிழ்ப் பெற்றோர் நெஞ்சில் எழும் அச்சம் இந்தக் கோவலன் கதையளவு பழையது. அவ்வச்சத்தைப் பேதைமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. ஆனால் கோவலனைக் கெடுத்தது யாழன்று, கணக்கை மறந்தமையே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேற்சொல்ல வேண்டும்.

இடைக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் கற்பிக்கப்பட்டன. முந்திரி, காணி, மா, கால், அரை என்ற பின்னங்களையும் பெருக்கல் வாய்பாட்டையும் கொண்ட எண்சுவடியை மாணாக்கர் ஒருமித்த குரலில், ஓசை நயத்தோடு ஓதி மனனஞ் செய்தனர். நிகண்டும் நீதிநூலும் செய்யுளாகவே பயிலப்பட்டன. ஆகவே, பிற்காலத்திற் கடைக்கணக்கு எழுதச் சென்றவனும் தன் முதற்கணக்கை ஓசையோடுதான் கற்றான். இசையைத் தொழிலாகக் கொண்டோர் குடும்பங்களிலும் குருவின் இல்லத்திலும் தனியே அதனைப் பயின்றனர் என்பது உண்மை. ஆயினும் எண்ணும் இசையும் ஒன்றையொன்று அறியாத கல்விகளாக அன்று இருக்கவில்லை.

இசைக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. சூளாதி ஏழு தாளங்களும் ஐந்து சாதிகளும் சேர்ந்து முப்பத்தைந்து தாளங்கள் ஆவது ஒரு பெருக்கல். எட்டு அட்சரம் கொண்ட ஆதிதாளத்தில் மும்மூன்றாக நடக்கும் ஒரு சொற்கட்டு, மூன்று ஆவர்த்தனம் கழிந்து, இருபத்துநான்காம் எண்ணிக்கையின் முடிவிலே சமத்துக்கு வந்து சேரும். மிருதங்கம் பயிலும் சிறுவன் பொது மடங்கு என்ற சொல்லைக் கேட்கு முன்பே அதனைத் தன் கைவிரல்களால் அறிந்துவிடுகிறான். மேல்நாட்டாரும் இதனை உணர்ந்திருந்தனர். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் எண்ணியல், வடிவியல், வானியல் ஆகியவற்றோடு நான்காவதாக இசை ஓர் அளவை நூலாகவே கற்பிக்கப்பட்டது.

அவ்வாறாயின், பிரிவு எங்கே தொடங்கியது? ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த கல்வி நிலையங்களில் என்க. 1857ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் சட்டத்திலும் மருத்துவத்திலும் பொறியியலிலும் மொழியிலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்க முனைந்தது. தமிழர் உயிரெனப் போற்றிய இசைக்கு அங்கு இடமில்லை. தமிழர் கடல் கடந்து வளர்த்த வணிகத்துக்கும் இடமில்லை. முன்னது பரம்பரைக் கலைஞரின் கைத்தொழில் என்றும், பின்னது கடைத்தெருவிற் பழகிக்கொள்ள வேண்டிய தந்திரம் என்றும் கருதப்பட்டன. இருவரும் புலமைக் கோயிலின் வெளிவீதியில் நிறுத்தப்பட்டனர்.

வணிகத்துக்கு முதலில் கதவைத் திறந்தது மேல்நாடு. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881இல் வார்ட்டன் பள்ளி தோன்றியது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 1902இல் வணிகவியற் பீடத்தைத் திறந்தது. பம்பாயிற் சிடென்ஹாம் வணிகக் கல்லூரி 1913இல் எழுந்தது. இசையும் தென்னாட்டில் ஏறத்தாழ அதே தலைமுறையில் உள்ளே நுழைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரி 1929இல் தோன்றியது, சென்னைப் பல்கலைக்கழகம் 1930களில் இசைக்குப் பட்டயக் கல்வி வகுத்தது, பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அதன் இசைத்துறையை வளர்த்தார். இசையும் வணிகவியலும் பல்கலைக்கழகத்துக்குப் பின்வந்த இரு விருந்தினர். ஒரே வாயிலில் ஒரே காலத்திற் காத்து நின்ற இவ்விருவரையும், உள்ளே வந்தபின் வெவ்வேறு பீடங்களில் அமர்த்தினர். நிருவாக வசதிக்காகச் செய்த அந்த ஏற்பாடே நாளடைவில் இயற்கையின் நியதிபோல் மாணவர் மனத்தில் நிலைத்துவிட்டது.

ஆனால் அக்கதவைத் திறந்தவர் யாவர் என்று ஆராயின், இசையன்பும் வணிகத்திறனும் ஒருங்கே வாய்ந்தோரையே காண்கிறோம். அவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர்வடகரையில் 1859இற் பிறந்த அவர், ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர் அதனை விட்டுச் சித்த மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். அவர் செய்த மருந்துகள் தமிழ்நாட்டின் எல்லை கடந்து இலங்கையிலும் விற்பனையாயின. தஞ்சைக்கு வெளியே பெருந்தோட்டம் அமைத்தார். சொந்த அச்சகமும் நிறுவினார். அம்முயற்சிகளில் ஈட்டிய பொருளை எங்கே செலவிட்டார்? 1912இற் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, இசை வல்லுநரைத் தஞ்சைக்கு அழைத்து, மாநாடுகள் பலவற்றைக் கூட்டினார். தமிழிசையின் சுருதிகளை ஆராய்ந்து தாம் எழுதிய கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டார். அரசரும் சமீன்தாரரும் இசையைப் புரந்த காலம் மறைந்துகொண்டிருந்த வேளையில், தன் உழைப்பால் வந்த வணிக ஊதியத்தைக் கொண்டு இசையாராய்ச்சியை ஒருவர் தாங்கினார். அவர் மருந்துக் கணக்கைச் சரிவர எழுதாதிருந்தால் கருணாமிர்த சாகரம் அச்சேறியிருக்குமா என்பது எண்ணத்தக்கது.

இரண்டாமவர் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். வட்டித் தொழிலும் வங்கித் தொழிலும் கடல்கடந்து நடத்திய நகரத்தார் மரபில் வந்த அவர், 1920இற் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929இல் அதனை அடியாகக் கொண்டு பல்கலைக்கழகம் மலர்ந்தது. அதே ஆண்டில் இசைக்கும் அங்கே இல்லம் அமைந்தது. பின்னர் 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்துக்கும், 1943இற் சென்னையில் நிறுவப்பட்ட தமிழ் இசைச் சங்கத்துக்கும் அவரே பெருந்துணையானார். முதலை அழியாமற் காத்து, அதன் பயனைக்கொண்டு அறத்தை நடத்துவது வணிகர் மரபு. அம்மரபே ஒரு கலைநிலையத்துக்கு நீண்ட ஆயுளை அளித்தது.

மூன்றாமவர் ஈழம் ஈன்ற விபுலானந்த அடிகள். அவர் வணிகரல்லர், எனினும் எண்ணும் இசையும் ஒரு மனத்தில் ஒன்றுபடலாம் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று இல்லை. அறிவியலிற் பயிற்சி பெற்று, அறிவியல் கற்பித்து, பின்னர் துறவு பூண்ட அடிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். வழக்கொழிந்த பழந்தமிழ் யாழ்களின் நரம்பளவைக் கணித முறையால் ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. பாட்டறிவு மட்டும் உடையவர் அந்நூலை எழுதியிருக்க முடியாது; கணக்கறிவு மட்டும் உடையவர் அதனை எழுத விரும்பியிருக்கவும் மாட்டார்.

இனி ஈழத்து வடபகுதிக்கு வருவோம். 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரவாரியாக இசைத் தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. இதன் பயன் பெரிது. பகலில் வேறு கல்வி பயிலும் பிள்ளையும், வேறு தொழில் புரியும் இளைஞனும், தத்தம் ஊரில் ஆசிரியரிடம் இசை கற்றுத் தகுதிச் சான்று பெற அது வழி வகுத்தது. 1960இல் மருதனார்மடத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரியின் சூழலில், இராமநாதன் இசைக்கழகம் பிறந்தது. அதனை நிறுவியவர் இராமநாதனின் மருகரும், இலங்கை அமைச்சரவையில் வானொலிக்குப் பொறுப்பாக இருந்தவருமான சு. நடேசபிள்ளை. மகாராஜபுரம் சந்தானம் தமிழ்நாட்டிலிருந்து வந்து அதன் அதிபராகப் பணியாற்றினார்.

1974இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டபோது, அது திருநெல்வேலியில் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் நிலத்திலேயே அமைந்தது. அடுத்த ஆண்டு மருதனார்மடத்து இசைக்கழகமும் அதனோடு இணைந்தது. இன்று அது ஒரு தனிப் பீடமாக வளர்ந்துள்ளது. திருநெல்வேலியில் முகாமைத்துவக் கற்கைகளும் வணிகமும் பயிலும் பீடம் நிலைபெற்றது. ஒருவரே வித்திட்ட இரண்டு நிலங்களில், ஒன்றில் இசையும் மற்றொன்றில் முகாமையும் வளர்கின்றன. இடைத்தூரம் மிதிவண்டியிற் செல்வோர்க்கும் எட்டும் அளவே. ஆயினும் ஒரு பீடத்து மாணவன் மற்றப் பீடத்துப் பாடத்தையும் பட்டத்தின் பகுதியாகப் பயில்வது வழக்கமாகவில்லை. நானாட்டான் மாணவிக்கு அண்மையிலுள்ள மற்றொரு கல்விக்கூடம் வவுனியா. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இற் தனிப் பல்கலைக்கழகமான அங்கே வணிகக் கற்கைகளுக்குப் பீடம் உண்டு. இசைக்குப் பீடம் இல்லை. இங்கிலாந்திலோ சில பல்கலைக்கழகங்கள் இசையையும் வணிக முகாமையையும் ஒரே பட்டத்தின் இரு கூறுகளாக இணைத்துக் கற்பித்திருக்கின்றன. ஆகவே, இணைப்பு இயலாதது என்று சொல்வதற்கில்லை.

பல்கலைக்கழகங்கள் தயங்கிய இணைப்பை மாதோட்டத்து நாட்டுக்கூத்து நெடுங்காலமாக நடத்திக் காட்டியது. கூத்தின் தலைவர் அண்ணாவியார். பாட்டின் மெட்டும் தாளமும் ஆட்டமும் அவர் கற்பிப்பவை. பகல் முழுவதும் வயலிலும் கடலிலும் உழைத்தவரை இரவில் ஒன்றுகூட்டி, இன்னாருக்கு இன்ன வேடம் என வகுத்து, ஒத்திகைக்கு நாட்குறித்து, மேடைக்கும் உடுப்பிற்கும் விளக்குக்கும் ஊராரிடம் பொருள் சேர்வதற்கு வழிகண்டு, மனத்தாங்கலைத் தீர்த்து, குறித்த இரவிற் குறையின்றி அரங்கேற்றுதல் அவர் தலைமையில் நிகழ்ந்தது. இக்காலத்தார் முகாமைத்துவம் என்ற பெயரிட்டுப் பாடநூலில் எழுதும் திட்டமிடல், ஒழுங்கமைத்தல், நெறிப்படுத்தல், கட்டுப்படுத்தல் என்ற நான்கும் அங்கே பெயரில்லாமல் நடைபெற்றன. இசையறிவு மட்டுமே உடைய அண்ணாவியார் நல்ல பாடகராகலாம். கூத்தை மேடையேற்ற அவரால் இயலாது.

இக்கூத்துகள் ஏட்டிலும் கையெழுத்துக் கொப்பிகளிலும் மட்டுமே வாழ்ந்த காலத்தில், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவற்றின் அருமையை உணர்ந்தார். மன்னார்க் கத்தோலிக்க மரபில் வந்த எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தை 1964இலும், மூவிராசாக்கள் நாடகத்தை 1966இலும், ஞானசௌந்தரி நாடகத்தை 1967இலும் அவர் பதிப்பித்து வெளியிட்டார். பின்னாளில் அவரே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அவர் செய்த பதிப்புப் பணியின் பெறுமதியைக் காலம் வெளிப்படுத்தியது. 1990இற் போர் மீண்டும் மூண்டபோது, மன்னார் மாவட்டத்து மக்கள் பல்லாயிரவர் மடுத் திருத்தலத்திலும், கடல் கடந்து தமிழ்நாட்டிலும் தஞ்சம் புகுந்தனர். உயிரைக் காக்க ஓடுவோர் பெட்டியிற் கொப்பிகளுக்கு எவ்வளவு இடம் இருக்கும்? அச்சேறிய நாடகங்கள் எந்த ஊர் அழிந்தாலும் வேறோர் ஊரின் நூலகத்தில் நிலைத்தன. அச்சேறாதவை அவற்றை வைத்திருந்தவரின் நல்வினையை நம்பி நின்றன.

இங்கேதான் நானாட்டான் மாணவியின் வினா அவளுடைய வினாவாக மட்டும் நில்லாது ஊரின் வினாவாகிறது. போர் 2009இல் முடிந்தபின் வயல்கள் மீண்டும் உழப்பட்டன, கூத்தும் மேடையேறுகிறது. ஆனால் எஞ்சிய கொப்பிகளைத் தேடிப் பட்டியலிடவும், முதிய அண்ணாவிமாரின் குரலைப் பதிவுசெய்யவும், அப்பதிவின் உரிமையும் ஊதியமும் உரியவர்க்கே சேருமாறு உடன்படிக்கை எழுதவும், ஓர் இசைக்குழுவை நட்டமின்றி நடத்தவும் ஆட்கள் வேண்டும். மெட்டை அறியாத கணக்காளர் எதனைக் காப்பது என்று அறியமாட்டார். கணக்கை அறியாத பாடகர் எவ்வாறு காப்பது என்று அறியமாட்டார். இரண்டும் அறிந்த ஒருவரை ஊர் எதிர்பார்த்து நிற்கிறது.

இரண்டையும் ஒருங்கே பயில்வது எளிதென்று கூறுதல் பொய்யாகும். இசைக்கு நாள்தோறும் சாதகம் வேண்டும். கணக்கீட்டுக்கு நாள்தோறும் பயிற்சி வேண்டும். நாளின் நாழிகைகளோ கூடுவதில்லை. ஆயினும் செய்துகாட்டியவர் உளர். 2015ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாதெமியிடம் பெற்ற சஞ்சய் சுப்ரமண்யன், வணிகவியல் பயின்று பட்டயக் கணக்காளராகத் தேறியவர். கணக்கியல் கற்ற காலம் அவர் பாட்டைக் கெடுத்துவிடவில்லை.

ஆகவே, அம்மாணவி வர்த்தகப் பிரிவைத் தெரிந்தாலும் தம்பூராவை மூடிவைக்க வேண்டுவதில்லை. சங்கீத சபையின் தேர்வுகள் அவளுக்கு மாலை வேளையிலும் திறந்திருக்கும் வழி. இசையைத் தெரிந்தாலும் பேரேட்டை எரித்துவிட வேண்டுவதில்லை. நாளை அவள் நடத்தப்போகும் இசைப்பள்ளிக்கு அது வேண்டும். கோவலன் யாழைக் கற்றான், கணக்கை மறந்தான். ஆபிரகாம் பண்டிதர் கணக்கை மறவாது யாழையும் கருதினார். இருவருடைய கதையையும் மகளுக்குச் சொல்லும் பெற்றோர், அச்சத்தோடு நம்பிக்கையையும் சேர்த்தே சொன்னவராவர்.